முத்துக் கரையில் பாசிமணி

என் தம்பி மகள் தூத்துக்குடித் துறைமுகத்தைச் சார்ந்த ஓர் அலுவலகத்தில் ஏற்றுமதிச் சரக்குகளுக்கான தாள்களை எழுதும் உத்தியோகம் பார்ப்பவள். பகலெல்லாம் கண்டெய்னர் எண்களோடும் சுங்கப் பத்திரங்களோடும் மல்லாடிவிட்டு வீடு திரும்பியபின், கொல்லைப்புறத்துச் சாய்ப்பின்கீழ் ஒரு பழைய மரமேஜையைப் போட்டு, கேஸ் சுடரின் முன் உட்கார்ந்து, கண்ணாடிக் குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றி மணி செய்வதை ஓராண்டுக் காலமாகப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறாள். சென்ற கார்த்திகையில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், காப்பித் தட்டில் பரப்பி வைத்திருந்த அந்த மணிகளுள் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதுல மாசம் என்ன நிக்கும், தாயி?" என்று கேட்டார். "ஒண்ணும் நிக்காது, மாமா. கைக்காசுதான் போகுது" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் மணியைத் திரும்பத் தட்டில் வைத்தார். எடுத்தபோது அவர் விரல்களில் இருந்த மரியாதை, வைத்தபோது இல்லை.

அவரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. இந்தக் கரையே தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகியது. கொற்கைத் துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கி முத்தெடுத்தார்கள் என்று 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க மாலுமி நூல் முதலாம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்திருக்கிறது. பாண்டியரும், போர்த்துகீசியரும், 1658இல் இவ்வூரைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும், வேறு எந்த விஷயத்தில் முரண்பட்டாலும், மன்னார் வளைகுடாவின் பார்களிலிருந்து வரும் உருண்டைக்கு என்ன விலை என்று விசாரிப்பதில் மட்டும் ஏகமனதாக இருந்தார்கள். அந்தப் பார்களில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் 'முத்துநகர்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு ரயில் இன்றும் இரவில் சென்னைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

முத்துக்குளிப்பை நேரில் கண்ட முதியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எத்துணை பயங்கரமான சூதாட்டம் என்பது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கையை நம்பி ஒருவன் ஆழத்தில் இறங்குவான். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' கரையில் மந்திரம் ஓதிக்கொண்டிருப்பான். கொண்டுவந்து கொட்டிய சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் கூறுவார்கள். எடுத்தவன் அவற்றை அழுகவிட்டு, ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாற்றத்துக்கு நடுவே கழுவித் தேடுவான். பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இருக்காது. எப்போதோ ஒரு சிப்பியில் ஓர் ஆணிமுத்து அகப்பட்டால், அது மஞ்சாடிக் கணக்கில் நிறுக்கப்பட்டு, மூழ்கியவன் கண்ணால் காணாத ஊர்களுக்குப் போய்விடும். மூழ்கியவனுடைய பிரயத்தனம் அபாரமானதுதான்; ஆனால் முத்தின் வட்டத்திலும் ஒளியிலும் அவன் கைக்கு யாதொரு பங்கும் இல்லை. அதிர்ஷ்டம் கொடுத்ததே உயர்ந்தது, கை செய்தது அதற்கு அடுத்தபடியே என்னும் ரசனை நமக்கு இவ்வாறுதான் படிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கடலிலிருந்து வந்தால் முத்து. அடுப்பிலிருந்து வந்தால் வெறும் பாசி.

வெறும் பாசி என்று நாம் சொல்லும் அந்தப் பொருளுக்குத் தமிழ்நாட்டிலும் அதன் எதிர்க்கரையிலும் உள்ள சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது உரோம நாட்டு மட்பாண்டங்கள்தான் உலகத்தின் கண்ணைப் பறித்தன; ஆனால் அந்த மண்ணில் அள்ள அள்ளக் கிடைத்தவை சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள். சிவப்பு, கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொன்றும் ஒரே நிறமுடையவை. கடுகுக்குச் சற்றுப் பெரியவை, மிளகளவு இருந்தால் அதுவே பெரிது. இதே ஜாதி மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா வரையில் கிடைப்பதைக் கண்டு, பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த இடத்திலும் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், நம் படகுகளுக்கு நன்றாகத் தெரிந்த மாந்தையும் மணி செய்த துறைமுகமாகவே எண்ணப்படுகிறது. ஆக, நம் கடலுக்கு அடியில் சிப்பி தன் போக்கில் முத்தை வளர்த்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், அந்தக் கடலின் கரைகளில் மனிதன் நெருப்பைக் கொண்டு மணியை உருக்கிக்கொண்டிருந்தான். கப்பலில் இரண்டும் சேர்ந்தே போயின. புகழ் மட்டும் ஒன்றுக்கே கிடைத்தது.

அந்தச் சின்ன மணிகளைச் செய்த முறை என்றோ அழிந்துபோன ரகசியம் என்று யாரும் மயங்க வேண்டாம். ஆந்திரத்தில் சித்தூர்ச் சீமையைச் சேர்ந்த பாப்பாநாயுடுபேட்டையில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் அது உயிரோடு இருந்தது. நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, நடுவில் பொள்ளல் உண்டாக்கி, உலைக்குள் வைத்து, எதிர்ப்புறத்திலிருந்து கொக்கியால் இழுக்க, உள்ளே துளையோடு கூடிய கண்ணாடிக் குழல் நூல்போல நீண்டுகொண்டே வரும். கை மாற்றிக் கை மாற்றி மணிக்கணக்காக இழுத்த அந்தக் குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மீண்டும் சூடுகாட்டினால், துளைக்குள் சாம்பல் அடைத்துக்கொண்டு அடைபடாமல் காக்க, கூர்விளிம்பு மட்டும் மழுங்கி மணியாகிவிடும். இவ்வளவு எளிதாக நான் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்ட இந்த இழுப்பைக் கைவரப் பெறுவதற்கு ஒரு மனிதனுக்குப் பாதி ஆயுள் பிடித்திருக்கும்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம்; படித்ததோடு சரி. ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போயிருந்தபோது அங்குள்ள அருங்காட்சியகத்துக்கும் போனோம். அரிக்கமேட்டு மணிகள் வைத்த பேழையை நான் முன்பு இரண்டு தடவை கடந்து போயிருக்கிறேன். இரண்டு தடவையும், 'ஓ, மணிகள்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்திருக்கிறேன். இந்தத் தடவை என் தம்பி மகள் அதன் முன் நின்றவள் நகரவில்லை. கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பெரியப்பா, இது என்னைமாதிரி கம்பில சுத்துனது இல்ல. இழுத்தது. ஓட்டை போற திசையிலேயே கோடு ஓடுது பாருங்க. நான் செய்யறதுல கோடு ஓட்டையைச் சுத்தி வளைஞ்சு வரும்." பார்த்தேன். மயிரிழைபோன்ற கோடு, அவள் சொன்னபடியே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எவனோ இழுத்த இழுப்பின் தடம் அது. முப்பது ஆண்டுகளாகச் சரித்திரப் புத்தகங்கள் படிக்கும் என் கண்ணுக்குப் படாதது, ஓராண்டுக் காலம் சுடரின் முன் உட்கார்ந்து விரலைச் சுட்டுக்கொண்டவள் கண்ணுக்குப் பட்டது. 'மாசம் என்ன நிக்கும்?' என்ற கேள்விக்கு அன்று கார்த்திகையில் எனக்குத் தோன்றாத பதில் அந்தப் பேழையின் முன்னால்தான் தோன்றியது: பார்வை நிற்கும்.

இனி அவள் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஏனென்றால், பொழுதுபோக்கு என்றால் சோம்பேறித்தனத்துக்கு இன்னொரு பெயர் என்று நினைப்பவர்கள் அதைக் கேட்க வேண்டும். கண்ணாடிக் குச்சிகள் பிரோசாபாத்திலிருந்து பார்சலில் வருகின்றன. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் நுனியைச் சீனக்களிமண் குழம்பில் தோய்த்து உலர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் கண்ணாடி கம்பியை விடாது. இடக்கையில் கம்பி, வலக்கையில் குச்சி. குச்சியின் முனை சுடரில் சிவந்து, தேன்போல இளகித் தொங்கத் தொடங்கும் க்ஷணத்தில் அதைக் கம்பியில் தொட்டு, கம்பியைச் சுழற்ற வேண்டும். சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினால் மணி ஒருபுறம் தொங்கிவிடும், சுடருக்கு மிக அருகில் கொண்டுபோனால் நிறம் கறுக்கும், விலக்கினால் இறுகிவிடும். உருண்டை ஆக்குவது நாமில்லை, உருகிய கண்ணாடியே தன் ஸ்வபாவத்தால் உருண்டுகொள்கிறது. அதைக் குலைக்காமலிருப்பதுதான் நம் வேலை என்று அவள் சொல்வாள். ஐந்து நிமிஷ காரியந்தான். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் கைப்பேசி அடித்தால் எடுக்க முடியாது, வாசலில் யார் வந்தாலும் திரும்ப முடியாது, நாளைய கவலையை இன்று படவும் முடியாது. பிராணாயாமம் செய்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடுவது இதைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதல் மாதத்து மணிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செய்து முடித்து, அழகாக இருக்கிறதென்று எல்லோரும் கொண்டாடி, மேஜைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போவோம். நடுநிசியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காலையில் மணி இரண்டாகக் கிடக்கும். காரணம் பின்னர்தான் தெரிந்தது. கண்ணாடியின் புறம் சீக்கிரம் ஆறி இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் சூடு. அந்த உள்ளும் ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது இறுகிப்போன புறம் இடங்கொடுப்பதில்லை. இரண்டுக்கும் நடக்கும் இழுபறி மணியின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒருநாள் அது வெடிக்கும். ஆகவே மணியை வேகமாக ஆறவிடாமல், ஏறக்குறைய 500 பாகை வெப்பத்தில் நிறுத்திப் பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். மின்சாரச் சூளை உள்ளவர்களுக்கு அது சுலபம். இல்லாதவர்களுக்குச் சூடான சாம்பல்தான் கதி. வேறொரு பாடமும் கிடைத்தது: நீலப் புட்டியையும் பச்சைப் புட்டியையும் உடைத்து ஒரே மணியில் சேர்த்தால், ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிந்து சுருங்கும் அளவு வேறு வேறாகையால், எவ்வளவு நிதானமாக ஆற்றினாலும் அவை ஒன்றையொன்று பிளந்துவிடும். சம்பந்தம் பேசுமுன் பொருத்தம் பார்ப்பதைக் கேலி செய்யும் அவளே இப்போது குச்சிகளுக்குப் பொருத்தம் பார்க்கிறாள்.

கண்ணாடியையே வீட்டில் உருவாக்கலாமா என்று கேட்கத் துணிபவர்களும் உண்டு. மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்ததே கண்ணாடி. மூன்றும் இக்கரைக்கு அந்நியமல்ல. உப்பளத்து உப்பைக் கொண்டு சோடாச் சாம்பல் செய்யும் ஆலை தூத்துக்குடியிலேயே இருக்கிறது. சிப்பி சுட்ட சுண்ணாம்பில் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. மணலுக்கோ தேரிக்காடே சாட்சி, அதிலுள்ள இரும்பு கண்ணாடியைப் பச்சையாக்கிவிடும் என்ற ஒரு குறையைத் தவிர. ஆனால் மணல் தனியே உருக 1,700 பாகை வேண்டும். சோடா சேர்த்து இறக்கினாலும் அது வீட்டுக் கொல்லைக்கு ஆகிற காரியமல்ல. குச்சி வாங்குவதே விவேகம். கேஸ் குழாயைக் கவனமாகப் பார்ப்பதும், காற்றோட்டமுள்ள இடத்தில் உட்காருவதும், நைலான் துணி உடுத்தாமல் பருத்தி உடுத்துவதும், சுடரில் எழும் மஞ்சள் கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி அணிவதும் அவசியம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டன்று.

'என்னதான் இருந்தாலும் போலிதானே?' என்பார்கள். இந்தப் போலி, அசல் என்னும் வியவகாரம் நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஜெபமாலை மணி செய்துகொண்டிருந்த ஜாக்கன் என்பவர், மீன் கழுவிய நீரில் செதிள் மினுங்குவதைக் கண்டு, அந்த மினுக்கத்தைத் திரட்டி மெல்லிய கண்ணாடிக் குமிழுக்குள் பூசி முத்தென்று விற்றார். அது நிச்சயமாகப் போலி. ஆனால் 1973ஆம் ஆண்டு ஜூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, இதே தூத்துக்குடிக் கடலோரத்தில் சிப்பிக்குள் கருமணியை வைத்து உருண்டையான முத்தை வளர்த்தெடுத்தபோது, அதைப் போலி என்பதா, அசல் என்பதா? சிப்பி ஓட்டைக் கடைந்து மனிதன் செய்த ஒரு சின்ன மணிதான் அந்த முத்தின் வயிற்றில் இருக்கிறது. முத்தைப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் கண்ணாடிதான் போலி. கண்ணாடியாகவே இருக்கச் சம்மதித்த கண்ணாடி மணி எதற்கும் போலியன்று.

ஊரும் அதை ஒருவாறு அறிந்தே இருக்கிறது. பனிமய மாதா கோவில் திருவிழாக் கடைகளில் தொங்கும் ஜெபமாலையின் மணியை உருட்டும் பாட்டி, அது கண்ணாடியா முத்தா என்று பார்த்தா உருட்டுகிறாள்? காயல்பட்டினத்துப் பெரியவர் கையில் தஸ்பீஹ் இருக்கிறது. திருச்செந்தூர்ப் படியேறும் பக்தர் கழுத்தில் ஸ்படிகம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, இங்கிருந்த அரசன் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த மாலையை அணிந்து, மணிக்கு ஒன்றாக நாள்தோறும் ஜபம் செய்தான் என்று எழுதியிருக்கிறார். அரசனுடைய விரலுக்குத் தேவைப்பட்டதும் பாட்டியின் விரலுக்குத் தேவைப்படுவதும் ஒன்றே: எண்ணிக்கை தவறாமல் உருள ஓர் உருண்டை.

திரும்பவும் வருமானத்துக்கு வருகிறேன். மணி செய்வதை ஜீவனமாகக் கொண்டவர்கள் உத்தரப் பிரதேசத்தில் புர்தில்நகரிலும் காசியிலும் இருக்கிறார்கள். சூட்டிலும் புகையிலும் உட்கார்ந்து எண்ணிக்கைக் கூலிக்குச் செய்யும் அவர்களோடு போட்டியிட்டு ஒரு தூத்துக்குடிப் பெண் மாலை நேரத்தில் சம்பாதித்துவிடலாம் என்று ஆசைகாட்டுவது, அவளுக்கும் அநியாயம், அவர்களுக்கும் அநியாயம். இக்காலத்தில் எந்தக் கைவேலையைப் பெண்கள் கற்கப் போனாலும், மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், 'சுயதொழில் தொடங்கலாம்' என்று ஒரு சொற்பொழிவு ஆகிய மூன்றும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. வறுமையில் உள்ளவர்களுக்குத் தொழில் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எதைச் செய்தாலும் அதைச் சந்தைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம், செய்கிற ஆனந்தத்தின் கழுத்தை முதல் மாதத்திலேயே நெரித்துவிடுகிறது. மார்கழி மாதம் விடியுமுன் எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவளிடம், 'இதுல என்ன நிக்கும்?' என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பத்து மணிக்குள் சைக்கிளும் கன்றுக்குட்டியும் அதை அழித்துவிடும் என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சைக்கிள் ஏறினாலும் உடையாத மணிக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தால் என்ன?

ஒரு லாபம் உண்டு, அதை ஒளிப்பானேன். முன்பெல்லாம் பேருந்து நிலையத்தில் பாசிமாலை விற்கும் நரிக்குறவப் பெண்ணிடம் ஐம்பது ரூபாய் மாலையை முப்பதுக்குக் கேட்டு வாதாடிய என் தம்பி மகள், இப்போது கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறாள். ஒரு மணிக்கு எத்தனை சுழற்று என்று அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது.

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்தின்மேல் நின்று கீழேயுள்ள தாழிகளைக் காண ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கொற்கை, சிவகளை ஆகிய ஊர்களின் தொல்பொருள்களுக்கென்று திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. மெத்த மகிழ்ச்சி. ஆனால் பேழைக்கு வெளியே ஒரு மேஜையும், ஒரு சுடரும், மணி உருக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டி நின்று அதை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பிறகு பேழைக்குப் போகலாம். அப்போது அவர்கள் என்னைப்போல் 'ஓ, மணிகள்' என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிட மாட்டார்கள். பெரிய செலவில்லை, ஒரு கேஸ் உருளையும் ஒருவருடைய சம்பளமுந்தான்.

எங்கள் வீட்டில் இப்போதைய சங்கடம் சாம்பல். விறகடுப்பு போய் நாற்பது ஆண்டுகளாகிவிட்டபடியால், வீட்டில் ஒரு பிடி சாம்பல் கிடையாது. இரண்டு தெரு தள்ளி, இன்னும் விறகு எரித்து மக்ரூன் சுடும் ஒரு பேக்கரியிலிருந்து வாரம் ஒரு தகரம் சாம்பல் வாங்கி வருகிறாள். காசு வாங்க மறுத்த அந்தக் கடைக்காரரின் சாவிக்கொத்தில் கோணலான ஒரு நீல மணி தொங்குகிறது. சாம்பலை இரும்புச் சட்டியில் காய்ச்சி, அன்றைய மணியை அதில் புதைத்து, சட்டியை மூடி வைத்துவிட்டு, "விடியுற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு அவள் தூங்கப் போய்விடுகிறாள். எனக்குத்தான் வயதின் காரணமாகத் தூக்கம் பிடிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, துறைமுகத்துப் பக்கமிருந்து ஏதேனும் ஒரு கப்பலின் ஊதல் அடங்கியபின், கொல்லைப்புறத்துச் சட்டியிலிருந்து 'டிக்' என்று சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.